தாக்க வீதமும் வரைபும்: வாசகர் கேள்வி பதில்

உயர்தர இரசாயனவியல் பற்றி வரும் கடிதங்களில் பல ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பரிசோதனை முடிந்துவிட்டது, வளையியும் வரைந்தாயிற்று. இனி எதை எதால் வகுப்பது? அதனால் இம்முறை தாக்க வீதம் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: ஐதரசன் பரவொட்சைட்டின் பிரிகைக்கு எங்கள் பயிற்சித்தாளில் பின்வரும் அளவீடுகள் உள்ளன. நேரம் நிமிடத்தில் 0, 4, 8, 12, 16, 20, 28. செறிவு ஒரு கன டெசிமீற்றருக்கு முறையே 0.80, 0.66, 0.54, 0.44, 0.36, 0.29, 0.20 மூல். 8ஆவது நிமிடத்தில் பரவொட்சைட்டு குறையும் வீதத்தைக் கேட்டிருந்தார்கள். எனக்கு 0.068 வந்தது, தோழிக்கு 0.025 வந்தது. விடைத்தாளில் 0.027 என்று இருக்கிறது. நாங்கள் எங்கே பிழை விட்டோம்?
– மாணவி, வெள்ளவத்தை

பதில்: நீங்கள் 0.54ஐ 8ஆல் வகுத்திருக்கிறீர்கள். ஆனால் 0.54 என்பது 8ஆவது நிமிடத்தில் எஞ்சியிருக்கும் செறிவு. அந்த 8 நிமிடத்தில் செலவானது அதுவல்ல. ஒரு புள்ளியின் இரண்டு ஆள்கூறுகளை ஒன்றால் ஒன்றை வகுத்தால் வீதம் வராது. வளையி உற்பத்திப் புள்ளியிலிருந்து தொடங்கும் நேர்கோடாக இருந்தால் மட்டும் அந்தக் கணக்குத் தற்செயலாகச் சரிவரும். மற்ற எந்த வளையியிலும் வராது.

உங்கள் தோழி 8இலிருந்து 12 வரையான குறைவை (0.54 – 0.44 = 0.10) 4ஆல் வகுத்திருக்கிறார். அது அந்த நான்கு நிமிடத்தின் சராசரி வீதம். கணக்கில் பிழையில்லை, ஆனால் கேள்விக்குரிய விடை அதுவல்ல. தாக்கம் போகப்போக மெதுவாவதால், 8க்குப் பின்னால் எடுக்கும் சராசரி எப்போதும் 8ஆவது நிமிடத்து வீதத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

கேட்கப்பட்டது அந்தக் கணத்தின் வீதம். அதற்குத் தொடலி, அதாவது வளையியை அந்தப் புள்ளியில் தொட்டுச் செல்லும் நேர்கோடு, வரைய வேண்டும். கிடை அச்சில் 2 செ.மீ.க்கு 4 நிமிடமும் நிலை அச்சில் 2 செ.மீ.க்கு 0.10 மூலும் எடுங்கள். வரைபு 14 செ.மீ. அகலத்திலும் 16 செ.மீ. உயரத்திலும் தாளை நிரப்பும். புள்ளிகளைக் கூரிய பென்சிலால் சிறு குறுக்குக்குறியாக இடுங்கள். அடிமட்டத்தால் புள்ளிக்குப் புள்ளி இணைக்க வேண்டாம். தாளைத் திருப்பி வைத்து, கை வளையியின் உட்புறத்தில் இருக்கும்படி, ஒரே வீச்சில் வரையுங்கள். ஒரு புள்ளி வளையிக்கு வெளியே நின்றால் அதை எட்டிப்பிடிக்க வளையியை வளைக்காதீர்கள். தொடலி வளையிக்குத்தான் வரையப்படுகிறது. வளையியில் ஒரு சிறு மேடு இருந்தாலும் அந்த இடத்துத் தொடலி அப்படியே சாய்ந்துவிடும்.

தொடலியைக் கண்ணால் மட்டும் வைத்தால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக வரும். சிறிய தளவாடித் துண்டு ஒன்று இருந்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். 8ஆவது நிமிடப் புள்ளியில், வளையிக்குக் குறுக்காகத் தளவாடியைத் தாளின் மீது நிமிர்த்தி வையுங்கள். தாளில் உள்ள வளையியும் ஆடிக்குள் தெரியும் அதன் விம்பமும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். முதலில் அங்கே ஒரு முறிவு தெரியும். அந்த முறிவு மறைந்து, வளையி ஆடிக்குள் வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரியும்வரை தளவாடியை மெதுவாகத் திருப்புங்கள். இப்போது ஆடியின் விளிம்போடு ஒரு கோடு கிழித்தால் அது செவ்வன், அதாவது அந்தப் புள்ளியில் வளையிக்குச் செங்குத்தான கோடு. மூலைமட்டத்தை வைத்து அதற்குச் செங்குத்தாக, அதே புள்ளியூடாக வரைவதே தொடலி. பரீட்சை மண்டபத்தில் ஒளிபுகும் அடிமட்டம் போதும். அதைப் புள்ளியில் தொடவைத்து, இருபுறமும் சம தூரத்தில் வளையிக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள இடைவெளி சமமாகும்வரை திருப்புங்கள்.

தொடலியை இரண்டு அச்சுகளையும் வெட்டும்வரை நீட்டுங்கள். உங்கள் அளவீடுகளுக்கு அது நிலை அச்சை 0.75இலும் நேர அச்சை 28இலும் வெட்ட வேண்டும். 0.75ஐ 28ஆல் வகுத்தால் 0.027. படித்திறன் (கோட்டின் சாய்வு) மறையானது. தாக்கி குறைகிறது என்பதே அந்த மறைக்குறியின் பொருள், வீதத்தை நேராகவே எழுதுகிறோம். அலகு: மூல் டெசிமீற்றர்⁻³ நிமிடம்⁻¹. செக்கனில் கேட்டால் 60ஆல் வகுக்க 4.5 × 10⁻⁴.

படித்திறனை வாசிக்கத் தொடலியோடு வரையும் முக்கோணியைச் சிறிதாக வரைந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். மேற்சொன்ன அளவுத்திட்டத்தில் 1 மி.மீ. கட்டம் ஒன்று 0.005 மூலையும் 0.2 நிமிடத்தையும் குறிக்கும். ஒவ்வொரு முனையிலும் அரைக் கட்டம் தவறாக வாசித்தால் உயரத்தில் மொத்தம் 0.005, அடியில் 0.2 நிமிடம் பிழைக்கலாம். முக்கோணியின் அடி 2 நிமிடமாக இருந்தால் உயரம் 0.054 மட்டுமே. ஆகவே உயரத்தில் சுமார் 9 சதவீதமும் அடியில் 10 சதவீதமும் பிழை வரலாம். அச்சுக்கு அச்சு நீட்டிய தொடலியில் இரண்டும் சேர்ந்தே ஒன்றரைச் சதவீதத்தைத் தாண்டாது. வாசிக்கும் இரண்டு புள்ளிகளும் தொடலியின் மேல் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அட்டவணைப் புள்ளி ஒன்றையும் தொடலிப் புள்ளி ஒன்றையும் கலந்து எடுப்பவர்கள் பலர்.

கேள்வி ‘தாக்கத்தின் வீதம்’ என்று இருந்தால் பீசமானத்தையும் (சமன்பாட்டிலுள்ள மூல் விகிதத்தையும்) பார்க்க வேண்டும். 2 மூல் பரவொட்சைட்டிலிருந்து 1 மூல் ஒட்சிசன் வருகிறது. ஆகவே தாக்க வீதம் 0.027இன் பாதி, அதாவது 0.0134. ஒட்சிசன் உருவாகும் வீதமும் அதுவே.

உங்கள் தொடலி சரியா என்று பார்க்க இந்த அட்டவணையிலேயே ஒரு வழி உண்டு. ஆரம்பத் தொடலி 0.80இல் தொடங்கி நேர அச்சை 20ஆவது நிமிடத்தில் வெட்டுகிறது. 8ஆவது நிமிடத் தொடலி 28இல் வெட்டுகிறது. இரண்டிலும் தொடுபுள்ளிக்கும் வெட்டும் இடத்துக்கும் இடையில் 20 நிமிடம். முதலாம் வரிசைத் தாக்கத்தில், அதாவது வீதம் செறிவுக்கு விகிதசமமான தாக்கத்தில், எந்தப் புள்ளியில் தொடலி வரைந்தாலும் இந்த இடைவெளி மாறாது. தாக்கி குறையும் வீதத்தைச் செறிவால் வகுக்க வருவது வீத மாறிலி, இந்த இடைவெளி அதன் நிகர்மாற்று (1ஐ அதனால் வகுக்க வருவது). உங்களுக்கு ஓரிடத்தில் 20, இன்னோரிடத்தில் 14 என்று வந்தால் ஏதோ ஒரு தொடலி பிசகிவிட்டது.

கேள்வி: நேர்கோடு வந்தால் எந்த வரிசை என்பதில் எப்போதும் குழப்பம். பூச்சிய வரிசைக்கும் நேர்கோடு, முதலாம் வரிசைக்கும் நேர்கோடு என்கிறார்கள். மனப்பாடம் செய்யாமல் தெரிந்துகொள்ள வழியுண்டா?
– கேம்பிரிட்ஜ் பாடத்திட்ட மாணவன், பம்பலப்பிட்டி

பதில்: கோட்டைப் பார்க்கும் முன் அச்சுகளின் பெயரை வாசியுங்கள். செறிவு–நேர வரைபில் படித்திறன்தான் வீதம். அது நேர்கோடாக இறங்கினால் வீதம் மாறவேயில்லை. செறிவு குறைந்தும் வீதம் மாறவில்லை என்றால் அது பூச்சிய வரிசை. வீதம்–செறிவு வரைபில் வீதம் அச்சிலேயே இருக்கிறது. அங்கே பூச்சிய வரிசை கிடைக்கோடாக வரும். உற்பத்திப் புள்ளியூடாகச் சாய்ந்து ஏறும் நேர்கோடு முதலாம் வரிசை, அதன் படித்திறன் வீத மாறிலி. மேல்நோக்கி வளைந்தால் இரண்டாம் வரிசையாக இருக்கலாம். வீதத்தைச் செறிவின் வர்க்கத்துக்கு எதிராக வரைந்து நேர்கோடு வருகிறதா என்று பார்த்த பின்னரே அப்படி எழுதுங்கள்.

முந்தைய அட்டவணையில் 0.80 பாதியாக, அதாவது 0.40 ஆக, ஏறத்தாழ 14 நிமிடம், 0.40 பாதியாகி 0.20 ஆக மீண்டும் 14 நிமிடம். அரைவாழ்வுக்காலம் மாறவில்லை, ஆகவே முதலாம் வரிசை. கணிப்பான் அனுமதிக்கப்படாத நமது உயர்தரப் பரீட்சைக்கு இதுவே மிக விரைவான வழி. உங்களுக்குக் கணிப்பான் உண்டு என்பதால் செறிவின் இயற்கை மடக்கையை நேரத்துக்கு எதிராக வரையலாம். –0.22இல் தொடங்கி 28ஆவது நிமிடத்தில் –1.61க்கு இறங்கும் நேர்கோடு கிடைக்கும். படித்திறன் –0.050, ஆகவே வீத மாறிலி நிமிடத்துக்கு 0.050. 0.693ஐ அதனால் வகுத்தால் 13.9 நிமிடம். பத்தடி மடக்கையை எடுத்திருந்தால் படித்திறனை 2.303ஆல் பெருக்க மறக்க வேண்டாம்.

முதல் ஒரு அரைவாழ்வுக்குள் மட்டும் அளவீடு எடுத்துவிட்டு வரிசையைத் தீர்மானிப்பது ஆபத்து. அந்தக் குறுகிய வீச்சில் மடக்கை வரைபும், செறிவின் நிகர்மாற்று வரைபும் கண்ணுக்கு ஒரேயளவு நேராகத் தெரியும். இரண்டு அரைவாழ்வையாவது தாண்டுங்கள்.

கேள்வி: சோடியந் தயோசல்பேற்றையும் ஐதான நைத்திரிக்கமிலத்தையும் கலந்து, முகவையின் கீழுள்ள குறுக்குக்குறி மறையும் நேரத்தை அளந்தோம். தயோசல்பேற்று 25, 20, 15, 10, 5 கன செ.மீ. எடுத்து, நீர் சேர்த்து 25க்கு நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் 5 கன செ.மீ. அமிலம் விட்டோம். நேரங்கள் 25, 32, 43, 67, 154 செக்கன். நேரத்தின் நிகர்மாற்றை வரைந்தால் கடைசிப் புள்ளி கோட்டுக்குக் கீழே விழுகிறது, கோடும் உற்பத்திப் புள்ளியூடாகப் போகவில்லை. கடைசி அளவீட்டை விட்டுவிடலாமா?
– 13ஆம் வகுப்பு மாணவர்கள், கொட்டாஞ்சேனை

பதில்: காரணம் தெரியாமல் விடக்கூடாது. காரணம் தெரிந்தால் விடலாம், அதை அறிக்கையில் எழுதவும் வேண்டும்.

நிகர்மாற்றுகள் 0.040, 0.031, 0.023, 0.015, 0.0065. முதல் புள்ளியையும் உற்பத்திப் புள்ளியையும் இணைக்கும் கோட்டின்படி 5 கன செ.மீ.க்கு 0.008, அதாவது 125 செக்கன் வந்திருக்க வேண்டும். உங்களுக்கு 154. கை தடுமாறியதால் வந்த வித்தியாசம் இல்லை இது, முறையிலேயே உள்ள குறை.

தாக்கத்தில் உருவாகும் கந்தகத்தின் கலங்கலே குறியை மறைக்கிறது, அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கந்தகம் தேவை. அந்த நிலையான அளவை நேரத்தால் வகுப்பதால்தான் நேரத்தின் நிகர்மாற்றை ஆரம்ப வீதத்துக்கு விகிதசமமாக எடுக்கிறோம். இதற்குள் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது: குறி மறையும் வரை தயோசல்பேற்றின் செறிவு சொற்பமே குறைய வேண்டும். அந்தக் கந்தகத்துக்கு உங்கள் தயோசல்பேற்றுக் கரைசலில் 2 கன செ.மீ. செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25இல் 2 போனால் 8 சதவீதம், அது பரவாயில்லை. 5இல் 2 போனால் 40 சதவீதம். குறி மறைவதற்குள் தாக்கம் நன்றாக மெதுவாகிவிட்டது, நீங்கள் அளந்தது ஆரம்ப வீதமே அல்ல. இந்த 2 கன செ.மீ. எடுகோளோடு முதலாம் வரிசையின்படி கணக்கிட்டால் வரும் நேரங்கள் உங்கள் ஐந்து அளவீடுகளோடும் நெருங்கிப் பொருந்துகின்றன. ஆகவே உங்கள் பரிசோதனை கவனமாகச் செய்யப்பட்டிருக்கிறது.

திருத்த வழி: குறியை மெல்லிய பென்சில் கோட்டால் போடுங்கள். குறைந்த கந்தகத்திலேயே மறையும். கீழ் எல்லையை 10 கன செ.மீ.யில் நிறுத்தி, இடையில் 12.5, 17.5 என்று புள்ளிகளைச் சேருங்கள்.

இந்தப் பரிசோதனையில் வேறு சில இடங்களிலும் வரைபு கெடும். முகவையை மாற்றினால் திரவத்தின் ஆழம் மாறும், ஆழம் மாறினால் தேவையான கந்தகமும் மாறும். எல்லாவற்றுக்கும் ஒரே முகவையைப் பாவியுங்கள், ஒவ்வொரு முறையும் அடியில் படிந்த கந்தகத்தைத் துடைத்தெடுங்கள். நீரைத் தயோசல்பேற்றோடு முதலிலேயே கலந்துவிட்டு, அமிலத்தைக் கடைசியாக ஒரே தடவையில் ஊற்றுங்கள். அமிலம் பாதி விழுந்த கணமே கடிகாரத்தைத் தொடங்குவது நல்ல வழக்கம். குறியைப் பார்ப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். வெப்பநிலையையும் கவனியுங்கள். 10 பாகைக்கு வீதம் ஏறத்தாழ இரட்டிக்கும் தாக்கத்தில் 3 பாகை ஏறினாலே வீதம் சுமார் 23 சதவீதம் கூடும். காலையில் 28 பாகையில் பாதியும் மதிய இடைவேளைக்குப் பிறகு 31 பாகையில் மீதியும் செய்தால் ஒரு நேர்கோட்டை எதிர்பார்க்க முடியாது. கந்தகவீரொட்சைட்டு வெளிவருவதால் சன்னல்களைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ள மாணவர்கள் குனிந்து பார்க்கும் வேலையை எடுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஆய்வுகூடத்தில் வாயுச் சிரிஞ்சு இல்லை. மகனீசியம்–அமிலத் தாக்கத்துக்கு மருந்தகத்தில் வாங்கிய 60 கன செ.மீ. பிளாஸ்ரிக் சிரிஞ்சைப் பாவித்தால் வரைபு படிக்கட்டுப்போல ஏறுகிறது. தொடக்கத்திலும் வளையி தட்டையாக இருக்கிறது.
– ஆசிரியை, மட்டக்குளி

பதில்: படிகள் வருவதற்குக் காரணம் ஆடுதண்டின் இறப்பர் முனை. அது ஒட்டிக்கொண்டு நின்று, அழுக்கம் கூடியதும் சட்டென நகர்கிறது. நீர் நிரப்பிய அளவியைக் கவிழ்த்து நீருக்கு மேல் சேகரியுங்கள். ஐதரசன் நீரில் மிகச் சொற்பமே கரையும் என்பதால் அது போதுமானது.

50 கன செ.மீ. அளவிக்கு 0.04 கிராம் மகனீசியம் போதும். 30 பாகையில் 1 மூல் வாயு சுமார் 24.9 கன டெசிமீற்றர். ஆகவே உலர் ஐதரசன் 41 கன செ.மீ. வரும். நீராவியும் சேர்வதால் அளவியில் ஏறத்தாழ 43 வாசிக்கும். அந்தக் கூடுதல் 2ஐக் கண்டு பயப்பட வேண்டாம். அவ்வளவு சிறிய துண்டை நிறுப்பது கடினமென்றால் நீளமான நாடாவை நிறுத்து, நீளத்தால் பங்கிட்டு வெட்டுங்கள்.

தொடக்கத்தில் தட்டையாக இருப்பது ஒட்சைட்டுப் படலத்தால். அரத்தாளால் பளபளக்கும்வரை தேயுங்கள். அதற்குப் பின்னரும் வளையி முதலில் மேல்நோக்கி வளைந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். 0.04 கிராம் மகனீசியம் 25 கன செ.மீ. அமிலத்தை 7 பாகைக்கு மேல் சூடாக்கக்கூடும். ஒரு கன டெசிமீற்றருக்கு 0.5 மூல் கொண்ட அமிலத்தில் 50 கன செ.மீ. எடுத்தால் வெப்பநிலை உயர்வு பாதியாகும். அமிலமும் தேவையைவிட ஏறத்தாழ ஏழரை மடங்கு இருப்பதால் அதன் செறிவு பெரிதாக மாறாது.

அடைப்பானைச் செருகும் இரண்டு மூன்று செக்கனில் தப்பும் வாயுதான் ஆரம்பத் தொடலியை அதிகம் கெடுக்கிறது. மகனீசியத்தை ஒரு சிறு குழாயில் இட்டு, கூம்புக்குடுவைக்குள் நூலில் தொங்கவிட்டு, அடைப்பானை இறுக்கிய பின் குடுவையைச் சரித்துத் தொடங்குங்கள். அப்போது பூச்சிய நேரம் உண்மையிலேயே பூச்சியமாக இருக்கும்.

திணிவு இழப்பு முறையை மகனீசியத்துக்குப் பாவிக்க முடியாது. வெளியேறும் ஐதரசன் 0.003 கிராம் மட்டுமே, நூறில் ஒரு கிராம் காட்டும் தராசுக்கு அது தெரியாது. சலவைக்கல்லுக்கு அந்த முறை நன்று. 1.00 கிராமிலிருந்து 0.44 கிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும். குடுவை வாயில் பஞ்சு வையுங்கள், இல்லாவிட்டால் தெறிக்கும் அமிலத் துளியும் இழப்பில் சேர்ந்துவிடும். தராசுக்கு மேலுள்ள மின்விசிறியையும் நிறுத்துங்கள்.

கேள்வி: எக்செலில் ‘ஸ்மூத் லைன்’ போட்டு, அதிலிருந்து படித்திறன் எடுக்கலாமா?
– மாணவன், தெஹிவளை

பதில்: கூடாது. அது எல்லாப் புள்ளிகளூடாகவும் கட்டாயமாகப் போகும் அலங்காரக் கோடு, அளவீட்டுப் பிழைகளையும் சேர்த்தே வளைந்து போகும். ஆறாம் படிப் பல்லுறுப்பியைப் பொருத்துவதும் அதே தவறு. முதலாம் வரிசை என்று தெரிந்தால் மடக்கை வரைபில் நேர்கோடு பொருத்துங்கள். இல்லையேல் தாளும் பென்சிலும் தளவாடியும்.

கேள்வி: தயோசல்பேற்று–அமிலத் தாக்கத்தின் ஏவற்சக்தி (தாக்கம் நடக்கத் தேவையான குறைந்தபட்சச் சக்தி) காண ஆரீனியசு வரைபு, அதாவது வீதத்தின் இயற்கை மடக்கையை வெப்பநிலையின் நிகர்மாற்றுக்கு எதிராக வரையும் வரைபு, போட்டேன். விடை மூலுக்கு 0.75 கிலோயூல் வந்தது. 49 வர வேண்டுமாம். குறி மறைய 30 பாகையில் 60 செக்கன், 50 பாகையில் 18 செக்கன்.
– மாணவி, தெமட்டகொடை

பதில்: செல்சியசு வெப்பநிலையின் நிகர்மாற்றை எடுத்திருக்கிறீர்கள். கெல்வினில் 303, 323 என்று போட்டால் நிகர்மாற்றுகள் 3.300 × 10⁻³, 3.096 × 10⁻³. நிகர்மாற்று நேரங்களின் இயற்கை மடக்கை வித்தியாசம் 1.204. அதை 0.204 × 10⁻³ஆல் வகுத்தால் 5900. அதை வாயு மாறிலியான 8.314ஆல் பெருக்க மூலுக்கு 49 கிலோயூல். வீத மாறிலிக்குப் பதிலாக நேரத்தின் நிகர்மாற்றை எடுத்ததால் படித்திறன் மாறாது, வெட்டுத்துண்டு மட்டுமே மாறும்.

கிடை அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்காதீர்கள், எல்லாப் புள்ளிகளும் ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளும். 3.05இலிருந்து 3.45 வரை எடுத்து, தலைப்பில் 10⁻³ என்று குறியுங்கள். இரண்டு புள்ளிகளூடாக எப்போதும் ஒரு நேர்கோடு போகும். ஆகவே 35, 40, 45 பாகையிலும் அளவிடுங்கள், ஐஸ் நீர்த் தொட்டியில் 20 பாகைக்கு இறக்கி இன்னொன்றும் எடுங்கள். அங்கே சுமார் 2 நிமிடம் எடுக்கும். தயோசல்பேற்றையும் அமிலத்தையும் தனித்தனிக் குழாய்களில், ஒரே நீர்த்தொட்டியில் பத்து நிமிடம் வைத்த பின் கலவுங்கள். தொட்டியின் வெப்பநிலையை எழுத வேண்டாம். கலந்த கரைசலின் வெப்பநிலையைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து, சராசரியை எழுதுங்கள். 50 பாகைக்கு மேல் போக வேண்டாம்: 60 பாகையில் நேரம் 10 செக்கனுக்கு இறங்கும், அங்கே கடிகாரத்தில் 1 செக்கன் பிந்தினாலே 10 சதவீதப் பிழை, புகையும் அதிகம்.